பழி மவுஸுக்கு, பிழை கீபோர்டில்

மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் கீழே நகர வேண்டும். நகரவில்லை. எழுத்தெல்லாம் பூதாகரமாகப் பெரிதாகிறது. மறுபக்கம் உருட்டினால் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்குகிறது. ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்ததைக் கிளிக் செய்தால் முதல் ஃபைலும் விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மவுஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்றை வாங்கி வந்து மாட்டுகிறார்கள். புது மவுஸும் அதே கூத்தைத்தான் ஆடுகிறது.

மவுஸின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கீபோர்டின் கீழ்வரிசையில் கண்ட்ரோல் விசை அழுந்தியபடியே சிக்கிக் கிடக்கிறது. என்றோ சிந்திய டீயின் சர்க்கரைப் பிசுக்கோ, அடியில் போய் உட்கார்ந்த மிக்சர் துணுக்கோ அதை எழவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும், சிறிதாகும். கிளிக் செய்தால் தேர்வுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். கம்ப்யூட்டர் விதிப்படிதான் நடந்திருக்கிறது. ஷிஃப்ட் சிக்கினால் வேறு மாதிரி: ஓர் இடத்தில் கிளிக் செய்தால் அதுவரையுள்ள வரிகளெல்லாம் நீலமாகிவிடும். ஆல்ட் சிக்கினால், இரட்டைக் கிளிக் செய்த ஃபைல் திறக்காது. அதன் அளவு, தேதி முதலிய விவரங்களைக் காட்டும் பெட்டிதான் திறக்கும்.

மேசையின் மேல் இரண்டும் தனித்தனிக் கருவிகள். கம்பி வழியே உள்ளே போனதும் அந்தத் தனித்தன்மை முடிந்துபோகிறது. கீபோர்டும் மவுஸும் ஒன்றையொன்று முடக்கிய கதைகள் மேசைக் கம்ப்யூட்டரின் வரலாறு நெடுகக் கிடக்கின்றன. அவற்றின் காரணத்தைத் தோண்டிக்கொண்டு போனால், ஒரே ஒரு விசையை அழுத்துவதற்குப் பின்னால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது தெரியவருகிறது.

மலிவான பழைய கீபோர்டு ஒன்று கைவசம் இருந்தால் பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் கோடுகளை அச்சடித்திருப்பார்கள். நடுத்தாளில் விசைக்கு ஒன்றாக வட்டத் துளைகள். விசையை அழுத்தும்போது மேல்தாள் அந்தத் துளை வழியே இறங்கிக் கீழ்த்தாளைத் தொடுகிறது, மின்சுற்று மூடிக்கொள்கிறது. 104 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது. ஆகவே கிடையாகச் சில கோடுகள், நெடுக்காகச் சில கோடுகள் என்று ஒரு கட்டம் போட்டு, கோடுகள் குறுக்கிடும் இடங்களில் விசைகளை வைத்துவிடுகிறார்கள். எட்டுக்குப் பதினாறு என்று போட்டால் வெறும் 24 கோடுகளிலேயே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். மூலையில் இருக்கும் சிறு சில்லு ஒவ்வொரு கோடாக மின்சாரத்தை விட்டு, அது எந்தக் கோட்டில் வெளிவருகிறது என்று பார்க்கிறது. முழுக் கட்டத்தையும் நொடிக்கு நூறு முறைக்கும் மேல் இப்படிச் சுற்றி வருகிறது. நீங்கள் ஒன்றுமே தட்டாமல் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதும் இந்தச் சுற்று நிற்பதில்லை.

கீபோர்டே ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். 1981-இல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோதே அதன் கீபோர்டுக்குள் இன்டெலின் 8048 என்ற சில்லு தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தது.

கட்டம் போட்டுக் கம்பியை மிச்சப்படுத்தியதில் ஒரு வில்லங்கமும் சேர்ந்தே வந்தது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்சாரம் சுற்றிவளைத்து ஓடி, நான்காவது மூலையும் அழுந்தியிருப்பதாகச் சில்லை நம்பவைத்துவிடும். யாரும் தொடாத எழுத்து திரையில் விழும். கீபோர்டு செய்கிறவர்கள் இதைப் பேய் விசை என்றே சொல்வார்கள். பேயை விரட்ட, மலிவு கீபோர்டின் சில்லு எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறது: சந்தேகம் வந்தால் மூன்றாவது விசையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் உட்கார்ந்து சண்டை விளையாட்டு ஆடியவர்களுக்கு இதன் பலன் தெரியும். ஒருவர் இரண்டு விசைகளைப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவரின் உதை கிளம்பாது. அது ஏமாற்று வேலை அல்ல, கட்டத்தின் கோளாறு. விலை கூடிய கீபோர்டுகளில் விசைக்கு ஒரு டயோடு போட்டு, மின்சாரம் திரும்பி ஓடாதபடி அடைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை, துள்ளல். இரண்டு உலோகப் பரப்புகள் தொடும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. சில ஆயிரத்திலொரு நொடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் அமைதியாகின்றன. நாம் ஒருமுறை தட்டியதைச் சில்லு பல தட்டுகளாகக் காண்கிறது. துள்ளல் அடங்கும் வரை பொறுத்திருந்து ஒன்றென்று எண்ணும்படி அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பழைய மவுஸில் ஒரு கிளிக் தானாகவே இரட்டைக் கிளிக் ஆவதற்கும் இதுவே காரணம். பித்தானுக்கு அடியிலுள்ள மெல்லிய உலோகத் தகடு தேய்ந்து, துள்ளல் அந்தப் பொறுமையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதற்கு எந்த சாஃப்ட்வேரிலும் நிரந்தர மருந்து இல்லை. சுவிட்சை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மவுஸை மாற்ற வேண்டும்.

கீபோர்டின் சில்லுக்கு எழுத்து தெரியாது. அது அனுப்புவதெல்லாம் எண். ஐபிஎம் பிசி காலத்துக் கணக்குப்படி, ஆங்கில ‘ஏ’ இருக்கும் விசையை அழுத்தினால் 30 போகும்; விரலை எடுத்தால் அதோடு 128-ஐக் கூட்டி 158 போகும். அந்த 30-ஐ என்னவாகப் படிப்பது என்பது உள்ளே இருக்கும் மென்பொருளின் பாடு. ஆங்கில அமைப்பு அதை ‘ஏ’ என்று படிக்கும். தமிழ்99 அமைப்பு அதையே ‘அ’ என்று படிக்கும்.

அழுத்தியதற்கு ஒரு எண், எடுத்ததற்கு ஒரு எண் என்பதைக் கவனிக்க வேண்டும். 30 போய்ச் சேர்ந்து 158 மட்டும் வழியில் தொலைந்தால்? விசை இன்னமும் அழுந்தியிருப்பதாகவே கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் விசைக்கு இப்படி நேர்ந்தால், அதன் அடியில் மிக்சரும் இல்லை, டீயும் இல்லை, விசை நன்றாக எழுந்தே நிற்கிறது. ஆனாலும் மவுஸ் சக்கரம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும். வேறு ஊரிலுள்ள கம்ப்யூட்டரைத் தம் திரையில் திறந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அழுத்தியது அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும். கையை எடுப்பதற்குள் சாளரம் மாறி, எடுத்தது இந்தக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பரிகாரம் மிகச் சின்னது: இரண்டு பக்கமுள்ள கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் ஆறையும் ஒருமுறை தட்டி விடுங்கள். தொலைந்துபோன எண் மறுபடி போய்ச் சேர்ந்துவிடும். பாதி ‘மவுஸ் கோளாறுகள்’ இந்த ஆறு தட்டில் தீர்ந்துவிடும் என்பது என் அனுமானம்.

இனி மதர்போர்டுக்குள் போவோம். மவுஸ் 1964-இல் பிறந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை பில் இங்கிலிஷ் மரப்பெட்டியில் செய்து கொடுத்தார். ஆனால் 1981-இன் ஐபிஎம் பிசியில் அதற்கென்று ஓர் இடமே கிடையாது. 1987-இல் பிஎஸ்/2 என்ற வரிசைக் கம்ப்யூட்டர்களை ஐபிஎம் வெளியிட்டபோதுதான் கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என்று ஆறு ஊசிகள் கொண்ட இரண்டு வட்டத் துளைகள் வந்தன. அந்தக் கம்ப்யூட்டர்கள் போய்விட்டன. துளைகளின் பெயர் மட்டும் பிஎஸ்/2 என்றே நின்றுவிட்டது.

வெளியே துளை இரண்டு, உள்ளே கவனிக்கும் ஆள் ஒன்றே ஒன்று. 1984-இன் ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரில் கீபோர்டைக் கவனிக்க 8042 என்ற சில்லை வைத்திருந்தார்கள். மவுஸ் வந்ததும் அதையும் அதே சில்லின் தலையில் கட்டினார்கள். கீபோர்டின் எண்ணானாலும் மவுஸின் எண்ணானாலும் 96 என்ற ஒரே முகவரியில்தான் வந்து விழும். வந்தது யாருடையது என்பதை 100 என்ற இன்னொரு முகவரியில் ஒற்றை பிட் சொல்லும். டிரைவர் மென்பொருள் அந்த ஒற்றை பிட்டைத் தவறவிட்டால், மவுஸை நகர்த்த நகர்த்தத் திரையில் எழுத்துகள் தானாக விழும். கீபோர்டிலிருந்து வந்ததை மவுஸுடையது என்று எடுத்துக்கொண்டால் கர்சர் தெறித்து ஓடும். அந்தச் சில்லு திக்குமுக்காடி நின்றால் இரண்டும் ஒருசேர மௌனமாகிவிடும். இரண்டு கருவிகளும் ஒரே நொடியில் செத்துப்போவது எப்படி என்று குழம்பியவர்கள் தேடியிருக்க வேண்டிய ஒற்றைக் காரணம் இது.

இந்த 8042-க்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையையும் கொடுத்திருந்தார்கள். சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய பிசியின் சில்லுக்கு ஒரு மெகாபைட் நினைவகம்தான் எட்டும். ஏடியின் புதுச் சில்லு அதற்கு மேலும் போகக்கூடியது. ஆனால் பழைய மென்பொருள்கள் சில, எல்லை தாண்டினால் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதையே நம்பி எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்காக 21-ஆவது முகவரிக் கம்பியைத் தேவைப்படும்போது அடைத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த அடைப்பானை எங்கே வைப்பது? கீபோர்டுச் சில்லில் ஒரு ஊசி சும்மா இருந்தது, அதில் மாட்டிவிட்டார்கள். ஏடியில் மையச் சில்லைத் திரும்ப முதலிலிருந்து ஓடவைக்கும் கம்பியும் இதன் வழியாகவே போனது. நினைவகத்தின் எல்லையைக் கீபோர்டுக்காரரிடம் கேட்டுத் திறக்கும் இந்த ஏற்பாடு பிசி உலகில் பல பத்தாண்டுகள் நீடித்தது.

சரி, எண் வந்திருக்கிறது என்று மையச் சில்லுக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தனியே குறுக்கீட்டுக் கம்பிகள் உண்டு. ஏடியில் இரண்டு சில்லுகள் ஆளுக்கு எட்டுக் கம்பி வீதம் வைத்திருந்தன; ஒன்றை மற்றதோடு கோத்ததில் ஒன்று போக, மீதி 15. கீபோர்டுக்கு 1-ஆம் கம்பி. பிஎஸ்/2 மவுஸுக்கு 12-ஆம் கம்பி. பிரிண்டர், ஃப்ளாப்பி, ஹார்டு டிஸ்க், சவுண்டு கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் மீதியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். புது கார்டு ஒன்றைச் செருகும்போது அதிலுள்ள ஜம்பரை 12-இல் வைத்துவிட்டால் மவுஸ் செத்துவிடும். கார்டை உருவினால் உயிர் பெற்றுவிடும்.

இதைவிடப் பிரபலமான தகராறு சீரியல் மவுஸுக்கும் மோடத்துக்கும் நடந்தது. சீரியல் துளைகளில் முதலாவதும் மூன்றாவதும் 4-ஆம் கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இரண்டாவதும் நான்காவதும் 3-ஆம் கம்பியை. மவுஸ் முதல் துளையில், உள்ளே செருகிய மோடம் மூன்றாவது துளையின் பெயரில் என்று அமைந்துவிட்டால், இரண்டும் தனித்தனியே ஒழுங்காக வேலை செய்யும். மோடம் எண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் கர்சர் உறைந்துவிடும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நாட்களில் டயல்-அப் இணைப்பு வாங்கியவர்கள் பழுது பார்ப்பவரிடமிருந்து ‘ஐஆர்க்யூ கான்ஃப்ளிக்ட்’, அதாவது குறுக்கீட்டுக் கம்பித் தகராறு, என்ற சொல்லைக் கேட்டது இதனால்தான். மோடத்தை நான்காவது துளைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் தகராறு.

பிஎஸ்/2 மவுஸின் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஒவ்வொரு அசைவுக்கும் அது மூன்று பைட் அனுப்புகிறது: முதலாவதில் பித்தான்களின் நிலை, இரண்டாவதில் பக்கவாட்டு நகர்வு, மூன்றாவதில் மேல்கீழ் நகர்வு. எது முதல் பைட் என்பதை வரிசையை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். நடுவில் ஒரு பைட் தொலைந்தால் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். நகர்வுக் கணக்கைப் பித்தான் என்று கம்ப்யூட்டர் படித்துவிடும். கர்சர் திரையின் மூலைக்குப் பாய்ந்து, கண்டதையெல்லாம் கிளிக் செய்து, மெனுக்களைத் திறந்து மூடி ஒரு ஆட்டம் போடும்.

1996-இல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் சக்கரத்தோடு வந்தது. சக்கரத்தின் சுழற்சியைச் சொல்ல நான்காவது பைட் வேண்டும். ஆனால் சக்கரத்தையே அறியாத பழைய மென்பொருளுக்கு நான்கு பைட் அனுப்பினால் மேலே சொன்ன ஆட்டம் நிரந்தரமாகிவிடும். இதற்கு ஒரு ரகசியத் தட்டல் கண்டுபிடித்தார்கள். நொடிக்கு எத்தனை முறை நகர்வைச் சொல்ல வேண்டும் என்று மவுஸுக்குக் கட்டளையிட ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. புதிய டிரைவர் முதலில் 200 என்று கட்டளை இடும். உடனே 100 என்று மாற்றும். உடனே 80 என்று மாற்றும். பிறகு ‘நீ யார்?’ என்று கேட்கும். பழைய மவுஸ் மூன்று கட்டளைகளுக்கும் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு 0 என்று பதில் சொல்லும். சக்கர மவுஸ் மட்டும் 200, 100, 80 என்ற வரிசையின் பொருளைப் புரிந்துகொண்டு 3 என்று சொல்லி, அந்தக் கணத்திலிருந்து நான்கு பைட் பேசத் தொடங்கும். பழைய விதி எதையும் மீறாமல் புதிய வசதியை நுழைத்த இந்த வேலையைச் செய்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

தட்டல் நடந்தது நினைவில் இருக்கும்வரை சரி. ஒரே கீபோர்டு, மவுஸ், திரையை இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கேவிஎம் ஸ்விட்ச் நடுவில் வந்தபோது சிக்கல் முளைத்தது. ஸ்விட்சைத் திருப்பும்போது மவுஸுக்கு மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனால் அது தட்டலை மறந்து மூன்று பைட்டுக்குத் திரும்பிவிடும். கம்ப்யூட்டரோ நான்கு பைட்டையே எதிர்பார்த்துக் காத்திருக்கும். சர்வர் அறைகளில் வேலை பார்த்தவர்கள், ஸ்விட்சைத் திருப்பியதும் கர்சர் வெறிபிடித்து ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். பின்னால் வந்த நல்ல ஸ்விட்சுகள் மவுஸ் போலவே நடித்து, இரண்டு பக்கமும் நினைவைக் காத்தன.

அந்தக் காலத்து இன்னொரு அபத்தத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பிஎஸ்/2-இன் இரண்டு துளைகளும் ஒரே வடிவம் என்பதால் மாற்றிச் செருகிவிடுவது சகஜம். அப்படிச் செருகினால் ‘கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும்’ என்று சில கம்ப்யூட்டர்கள் அறிவிக்கும். பின்னால் தொண்ணூறுகளின் இறுதியில் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் பூசிக் குழப்பத்தைத் தீர்த்தார்கள்.

1996 ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் விதிமுறை வெளிவந்தது. அதை உருவாக்கிய குழுவில் இன்டெலின் அஜய் பட் முக்கியமானவர். குஜராத்தின் வடோதராவில் படித்தவர். யுஎஸ்பி பழைய முறையைத் தலைகீழாக்கியது. இங்கே எந்தக் கருவியும் தானாக வாய் திறக்காது. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிப்பது போல, கம்ப்யூட்டர் ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்கும். சாதாரண மவுஸை நொடிக்கு 125 முறை கேட்கிறது. விளையாட்டுக்காரர்களின் மவுஸை 1,000 முறை. பெரும்பாலும் இல்லை என்பதே பதில். கீபோர்டின் எளிய பதில் எட்டு பைட்: ஒன்றில் கண்ட்ரோல், ஷிஃப்ட் போன்றவற்றின் நிலை, ஒன்று காலி, மீதி ஆறில் அந்த நேரத்தில் அழுந்தியிருக்கும் ஆறு விசைகள். ஏழாவது விசைக்கு இடமில்லை.

புதுக் கருவியைச் செருகியதும் அது தன்னைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும்: யார் தயாரித்தது, என்ன வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும். ஜம்பரும் இல்லை, கம்பிப் பங்கீடும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் நான்கு மவுஸைச் செருகினாலும் தகராறு கிடையாது. ஆனால் விண்டோஸ் அவற்றின் நகர்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒரே கர்சரை நகர்த்தும். இந்தக் கலப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர். நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றிப் பல பிள்ளைகள் உட்கார, கொஞ்சம் துடுக்கான பிள்ளையின் கையில் மட்டும் மவுஸ் இருக்கும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு மவுஸ், ஆளுக்கு ஒரு நிறத்தில் கர்சர் என்று செய்தால் என்ன என்று அவர்கள் 2000-களின் நடுவில் செய்து பார்த்தார்கள். மல்டிபாயின்ட் என்ற பெயரில் அது வெளியாகவும் செய்தது.

யுஎஸ்பி வந்து எல்லாத் தகராறும் ஓய்ந்ததா என்றால், இல்லை. 2015-இல் இன்டெலின் ஆறாம் தலைமுறைச் சில்லுகளோடு வந்த மதர்போர்டுகளில் விண்டோஸ் 7-ஐ நிறுவ முயன்றவர்களைக் கேட்டால் தெரியும். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயோஸ் திரையில் கீபோர்டு அருமையாக வேலை செய்யும். மொழியைத் தேர்ந்தெடு என்று நிறுவல் திரை வரும். அங்கே கீபோர்டும் அசையாது, மவுஸும் அசையாது. வேறு கீபோர்டு மாட்டினாலும் அப்படித்தான். காரணம் இது: விண்டோஸ் 7 வெளிவந்தது 2009-இல், யுஎஸ்பி 3-க்கான டிரைவர் அதன் டிஸ்கில் கிடையாது. அதுவரை மதர்போர்டுகளில் பழைய யுஎஸ்பி 2 கட்டுப்பாட்டாளரும் கூடவே இருந்ததால் பிழைத்துக்கொண்டிருந்தது. புதிய சிப்செட்டில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. எல்லாத் துளைகளும் புதிய கட்டுப்பாட்டாளரின் கீழ் போய்விட்டன. பயோஸில் மட்டும் எப்படி வேலை செய்தது? பயோஸிடம் சொந்த டிரைவர் உண்டு. போதாததற்கு, யுஎஸ்பி கீபோர்டைப் பழைய பிஎஸ்/2 கீபோர்டு போல வேஷம் கட்டிக் காட்டவும் அதற்குத் தெரியும். விண்டோஸ் பொறுப்பேற்றதும் அந்த வேஷம் கலைந்துவிடுகிறது. பரணில் கிடந்த பிஎஸ்/2 கீபோர்டைத் தூசி தட்டி எடுத்து வந்தவர்கள் அன்று தப்பித்தார்கள்.

கம்பியில்லா மவுஸ், கீபோர்டின் கதை வேறு. கர்சர் விட்டு விட்டு நகர்கிறது, சில விசைகள் பதிவாவதில்லை, பேட்டரி மாற்றியும் பயனில்லை என்றால், ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கோ பென் டிரைவோ இருக்கும். இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யுஎஸ்பி 3-இல் நொடிக்கு 500 கோடி பிட் ஓடுகிறது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாறி மாறி வந்தால் இரண்டு பிட் சேர்ந்து ஓர் அலை, ஆக 2.5 கிகாஹெர்ட்ஸ். மவுஸ் பேசும் இடத்துக்குக் கிட்டவே ஒரு வானொலி இரைச்சல் கிளம்புகிறது. ரிசீவரின் ஆண்டெனாவோ அந்த இரைச்சலிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிற்கிறது. இன்டெலே 2012-இல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை முன்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். அல்லது சின்ன யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றில் மாட்டி மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். புது மவுஸ் வாங்கும் செலவு மிச்சம்.

கருவியும் கம்பியும் நன்றாக இருந்து, விண்டோஸே கதவைச் சாத்தியிருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திக்கொண்டிருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று விண்டோஸ் கேட்கும். என்னவென்று பார்க்காமல் என்டரைத் தட்டிவிட்டால், அதன்பின் வேகமாகத் தட்டும் விசைகள் எதுவும் பதிவாகாது. ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விசைகள் கர்சரை நகர்த்தத் தொடங்கிவிடும். அப்போது கீபோர்டே மவுஸாகிவிடுகிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் ஒற்றைக் கையால் வேலை செய்பவர்களுக்கும் இவை பெரிய வரம். தெரியாமல் இயக்கிவிட்டவர் கீபோர்டு மாற்றக் கிளம்புகிறார். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. விண்டோஸில் தமிழ் விசைப்பலகை ஒரு பக்கம், தனியாக நிறுவிய தமிழ் மென்பொருள் இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால், விசையின் எண்ணை யார் முதலில் பிடிப்பது என்ற போட்டியில் எழுத்து இரட்டித்தோ உருமாறியோ விழும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிடுங்கள்.

ஆகவே கோளாறு வந்ததும் எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன், எண் எந்த இடம் வரை வந்து நின்றிருக்கிறது என்று தேட வேண்டும். ஆறு தட்டு தட்டியாயிற்று, சரியாகவில்லை என்றால் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு கீபோர்டு தோன்றும். நீங்கள் எதையும் தொடாதபோது கண்ட்ரோலோ ஷிஃப்டோ அதில் ஒளிர்ந்துகொண்டிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அடுத்தது, கீபோர்டைக் கழற்றிவிட்டு மவுஸை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு மவுஸைக் கழற்றிவிட்டுக் கீபோர்டை மட்டும். தனியாக இருக்கையில் ஒழுங்காக வேலை செய்வது, இரண்டும் சேர்ந்தால் தடுமாறினால், அவை பகிர்ந்துகொள்ளும் எதிலோ கோளாறு: ஒரே ஹப், ஒரே ரிசீவர், முன்பக்கத் துளைகளுக்குப் போகும் தளர்ந்த கம்பி. ஹப்பை விலக்கி, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளைகளில் நேராக மாட்டுங்கள். பிஎஸ்/2 கருவியாக இருந்தால் மட்டும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஓடும்போது செருகி உருவுவதற்காகச் செய்ததல்ல அது.

எண் விண்டோஸ் வரை வருகிறதா என்று அறிய பயோஸ் திரைக்குள் போய்ப் பார்ப்பதே நல்ல சோதனை. அங்கே வேலை செய்து விண்டோஸில் செய்யாவிட்டால் டிரைவரையோ மென்பொருளையோ சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் அதைப் புதிதாக அடையாளம் காணும். சற்று நேரம் சும்மா விட்டபின் மட்டும் மவுஸ் தூங்கிப்போனால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக் அங்கேயே இருக்கும்; அதை எடுத்துவிடுங்கள். பயோஸிலும் வேலை செய்யவில்லை, இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் வேலை செய்யவில்லை என்றால் மட்டுமே கருவி கெட்டது என்று சொல்ல உரிமை வருகிறது.

இவ்வளவையும் சோதிக்க வேலை செய்யும் கீபோர்டு ஒன்றும் மவுஸ் ஒன்றும் வேண்டும் என்பதுதான் வேடிக்கை. புதிதாகக் கம்பியில்லாச் செட் வாங்கியவர்கள், பழைய கம்பி வைத்த செட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பையில் கட்டி மேசைக்கு அடியில் போட்டு வையுங்கள்.